சமையல் மேடை கிரானைட் வெட்டும் தூசியில் எமன்: நுரையீரலை இறுக வைக்கும் 'சிலிகோசிஸ்' - தொழிலாளர்கள் தப்பிக்க என்ன வழி?

பூந்தமல்லி:-

"கிச்சன் மேடைக்கு கிரானைட்டா, குவார்ட்சா?" புது வீடு கட்டுபவர்கள் கடைசி கட்டத்தில் கண்டிப்பாக கேட்கும் கேள்வி இது. எந்த கல் கறை படியாது, எது சீக்கிரம் உடையாது, சதுர அடி என்ன விலை என்று 4 கடை ஏறி இறங்கி விசாரிப்பார்கள். ஆனால் அந்த கல்லை வெட்டுகிறவரின் நெஞ்சுக்குள் என்ன போகிறது என்பதை யாரும் விசாரிப்பதில்லை.

கல் தூசியால் வரும் நோய்க்கு 'சிலிகோசிஸ்' என்று பெயர். வந்தால் போகாது. குணப்படுத்த மருந்து கிடையாது. ஆனால் வராமல் தடுக்க முடியும். தடுக்க ஆகும் செலவும் பெரிய செலவு இல்லை. இதுபற்றிய விவரம் வருமாறு:-

ஓயாத கட்டிங் சத்தம்

சென்னீர்குப்பம், பூந்தமல்லி, ஆவடி சுற்று வட்டாரத்தில் வீடு கட்டும் வேலைக்கு ஓய்வே கிடையாது. ஒரு பக்கம் பெங்களூர் நெடுஞ்சாலை, இன்னொரு பக்கம் ஆவடி ரோடு. நடுவில் வயலாக கிடந்த இடமெல்லாம் மனைகளாகி, மனைகள் வீடுகளாகி, அடுக்குமாடி குடியிருப்புகளாகி விட்டன. வீடு பெருகினால் கல் கடையும் பெருகும். கல் கடைக்கு பின்னாலேயே கட்டிங், பாலிஷ் பட்டறையும் வந்துவிடும்.

பெரிய ஸ்லாப்பை வெட்டும் பிரிட்ஜ் கட்டிங் மிஷினில் பெரும்பாலும் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். தண்ணீர் இல்லாவிட்டால் பிளேடு சூடாகி வீணாகிவிடும். இதனால் அங்கே தூசி குறைவு. சிக்கல் அதற்கு பிறகு கையில் எடுக்கும் சின்ன மிஷினில்தான்.

சிங்க் வைக்க ஓட்டை போடணும். அடுப்பு வைக்க சதுரமாக வெட்டணும். குழாய்க்கு துளை போடணும். ஓரத்தை உருட்டி மோல்டிங் அடிக்கணும். இதெல்லாம் கையில் பிடித்து வெட்டும் கட்டரிலும், ஆங்கிள் கிரைண்டரிலும் நடக்கிற வேலை. பல இடங்களில் தண்ணீரே இல்லாமல், காய்ந்த கல்லில் அப்படியே பிளேடை இறக்குகிறார்கள். அடுத்த நிமிஷம் வெள்ளை புகை மாதிரி தூசி கிளம்பும். வெட்டுகிற ஆளே தெரியாது.

இதைவிட மோசம், வீட்டுக்குள்ளேயே வைத்து வெட்டுவது. பட்டறையில் அளவு எடுத்து வெட்டி வந்தாலும், சுவர் கோணலாக இருந்தால் அங்கேயே கொஞ்சம் 'ட்ரிம்' பண்ண வேண்டும். தரை ஈரமாகும், சுவர் கறையாகும் என்று தண்ணீர் ஊற்ற வீட்டுக்காரர்களும் விடமாட்டார்கள். 10-க்கு 8 அடி சமையல் அறையில் ஜன்னலும் சின்னது. அந்த தூசி முழுவதும் வெட்டுகிறவர் மூக்குக்குத்தான் போகும்.

கண்ணுக்கு தெரியாத தூசிதான் வில்லன்

தலையிலும் புருவத்திலும் மாவு பூசியது போல் படிந்திருக்கும் தூசியை பார்த்து பலர் பயப்படுவார்கள். ஆனால் அது பெரிய தூசி. மூக்கிலும் தொண்டையிலும் தங்கி சளியோடு வெளியே வந்துவிடும். குளித்தால் போய்விடும்.

உயிரை எடுப்பது அதோடு சேர்ந்து கிளம்பும் மிக நுண்ணிய தூசி. 4 மைக்ரான், அதற்கும் கீழே உள்ள துகள்கள். மனிதனின் தலைமுடி கனத்தில் 15-ல் ஒரு பங்குக்கும் குறைவு. கண்ணுக்கு தெரியாது. மிஷினை நிறுத்திய பிறகும் காற்றில் நீண்ட நேரம் மிதக்கும். மூச்சு இழுக்கும்போது நுரையீரலின் கடைசி காற்றறை வரைக்கும் போய் உட்கார்ந்துவிடும்.

இந்த துகளில் இருக்கும் படிக சிலிக்காதான் பிரச்சினை. மணல், குவார்ட்ஸ், கிரானைட் எல்லாவற்றிலும் இருக்கும் சாதாரண பொருள்தான். கல்லாக இருக்கும்வரை ஒன்றும் செய்யாது. பொடியாகி நெஞ்சுக்குள் போனால்தான் விஷம்.

நுரையீரலுக்குள் வரும் அழுக்கை தின்று அழிப்பதற்கென்றே உடம்பில் காவல் செல்கள் இருக்கின்றன. அவை சிலிக்கா துகளையும் விழுங்கும். ஆனால் கல்லை ஜீரணிக்க முடியுமா? விழுங்கிய செல் செத்துவிடும். துகள் அப்படியே வெளியே வந்து விழும். அடுத்த செல் வந்து விழுங்கும், அதுவும் சாகும். இப்படி நடக்க நடக்க அந்த இடத்தில் புண்ணாகி, தழும்பாகி, முடிச்சு முடிச்சாக கட்டியாகிவிடும்.

பஞ்சு மாதிரி விரிந்து சுருங்க வேண்டிய நுரையீரல், தழும்பு ஏறி ரப்பர் மாதிரி இறுகிவிடும். பிறகு என்னதான் மூச்சு இழுத்தாலும் ரத்தத்துக்கு போதுமான ஆக்சிஜன் போகாது. இதுதான் சிலிகோசிஸ்.

வேலையை விட்டாலும் இந்த நோய் விடாது. உள்ளே போன துகள் உள்ளேயேதான் இருக்கும். தூசி பக்கமே போகாமல் இருந்தாலும் தழும்பு வளர்ந்துகொண்டே போகலாம். சிலிக்கா தூசி நுரையீரல் புற்றுநோயையும் வரவழைக்கும் என்று சர்வதேச புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1997-ம் ஆண்டிலேயே அறிவித்துவிட்டது.

எந்த கல்லில் எவ்வளவு?

எல்லா கல்லும் ஒரே மாதிரி ஆபத்து இல்லை. உள்ளே இருக்கும் சிலிக்கா அளவுதான் கணக்கு.

மார்பிளில் சிலிக்கா மிகவும் குறைவு. அது சுண்ணாம்பு வகை கல். கிரானைட்டில் கல்லின் ரகத்தை பொறுத்து 100-க்கு 20 முதல் 45 பங்கு வரை இருக்கும். மணற்கல்லில் இன்னும் அதிகம்.

எல்லாவற்றையும் தூக்கி சாப்பிடுவது இப்போது பேஷனாகி வரும் 'குவார்ட்ஸ்' எனப்படும் செயற்கை கல். வெள்ளை வெளேர் என்று, கறை படியாமல், ஒரே சீராக இருப்பதால் பலருக்கும் பிடித்துப்போகிறது. குவார்ட்ஸ் கல்லை பொடியாக்கி, ரெசின் என்ற பிசினை கலந்து, அழுத்தி செய்வது இது. இத்தாலியில் உருவான தொழில்நுட்பம். இதில் சிலிக்கா 100-க்கு 90 பங்குக்கும் மேல் இருக்கலாம். அதாவது கிரானைட் வெட்டுவதைவிட 2 முதல் 4 மடங்கு வரை அதிக சிலிக்கா தூசியில் கலக்கும். போதாக்குறைக்கு பிசின் தூளும் சேர்ந்து போகும்.

வீட்டில் பதித்து முடித்த மேடையால் குடும்பத்தினருக்கு ஆபத்து உண்டா என்று பலருக்கு சந்தேகம் வரும். இல்லை. மேடையில் சமைப்பதாலோ, துடைப்பதாலோ ஒன்றும் ஆகாது. வெட்டும்போதும், தேய்க்கும்போதும், துளை போடும்போதும் மட்டும்தான் ஆபத்து.

இஸ்ரேலில் அடித்த முதல் மணி

கல் உடைப்பவர்களுக்கும் சுரங்க தொழிலாளர்களுக்கும் வயதான காலத்தில் வரும் நோய் என்றுதான் சிலிகோசிசை உலகம் நினைத்திருந்தது. சமையல் மேடை வெட்டும் ஆட்களுக்கு, அதுவும் சின்ன வயதிலேயே வரும் என்று முதலில் உரக்க சொன்னது இஸ்ரேல் டாக்டர்கள். செயற்கை கல் வெட்டியதால் நுரையீரல் கெட்டு வந்த 25 பேர் பற்றி 2012-ம் ஆண்டு அவர்கள் மருத்துவ பத்திரிகையில் எழுதினார்கள். இவர்களில் பலருக்கு நுரையீரல் மாற்று ஆபரேஷன் வரைக்கும் போக வேண்டியதாகிவிட்டது. ஸ்பெயினிலும் இதேபோல் நோயாளிகள் தெரியவந்தனர்.

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 52 தொழிலாளர்களை பற்றிய ஆய்வு 2023-ம் ஆண்டு வெளியானது. 52 பேரும் ஆண்கள். ஒருவர் தவிர மற்ற எல்லோரும் மெக்சிகோ உள்ளிட்ட லத்தீன் அமெரிக்க நாடுகளில் இருந்து பிழைக்க வந்தவர்கள். நடு வயது 45. இதில் 10 பேர் இறந்துவிட்டனர். வந்த ஊரில், சின்ன பட்டறையில், பேசத் தெரியாத பாஷையில் வேலை பார்த்தவர்கள் அவர்கள். வடமாநிலங்களில் இருந்து சென்னை புறநகருக்கு வந்து கல் வேலை பார்ப்பவர்களின் நிலையும் கிட்டத்தட்ட இதுதான்.

இங்கிலாந்தில் முதன்முதலாக 2024-ம் ஆண்டு 8 பேர் பற்றிய தகவல் வெளியானது. அவர்களின் சராசரி வயது வெறும் 34.

ஆஸ்திரேலியா ஒரு படி மேலே போய்விட்டது. அங்கு 2018-க்கு முன்பிருந்தே செயற்கை கல் வேலை பார்த்தவர்களை பரிசோதித்தபோது ஏறக்குறைய 4 பேரில் ஒருவருக்கு சிலிகோசிஸ் அல்லது சிலிக்கா தூசியால் வந்த வேறு நோய் இருப்பது தெரிந்தது. தண்ணீர் ஊற்றி வெட்டு, மாஸ்க் போடு என்றெல்லாம் விதி போட்டு பார்த்தும் அடங்கவில்லை. கடைசியில் செயற்கை கல்லையே தடை செய்வது என்று 2023 டிசம்பரில் முடிவெடுத்து, 2024 ஜூலை 1 முதல் தடையை கொண்டு வந்தனர். உலகிலேயே இப்படி தடை போட்ட முதல் நாடு ஆஸ்திரேலியா என்பது குறிப்பிடத்தக்கது.

தமிழர்களுக்கு புதுசு இல்லை

இந்த நோய் தமிழ் தொழிலாளர்களுக்கு புதிதல்ல. கோலார் தங்க வயலில் பாறையை குடைந்து தங்கம் எடுத்தவர்களில் பெரும் பகுதியினர் வட ஆற்காடு உள்ளிட்ட தமிழ் மாவட்டங்களில் இருந்து போனவர்கள். அந்த பாறையில் குவார்ட்ஸ் அதிகம். 1940 முதல் 1946 வரை அங்கு 7 ஆயிரத்து 653 தொழிலாளர்களை டாக்டர்கள் பரிசோதித்தனர். 100-க்கு 40 பேருக்கு மேல் சிலிகோசிஸ் இருந்தது. இந்தியாவில் இந்த நோய் பெரிய அளவில் கணக்கெடுக்கப்பட்டது அப்போதுதான்.

அடுத்து நாட்டையே உலுக்கியது குஜராத் மாநிலம் கோத்ரா விவகாரம். மத்திய பிரதேசத்தின் ஜாபுவா, அலிராஜ்பூர், தார் மாவட்டங்களை சேர்ந்த ஆதிவாசிகள், பஞ்சம் பிழைக்க கோத்ரா பக்கம் உள்ள குவார்ட்ஸ் அரைக்கும் ஆலைகளுக்கு போனார்கள். கொஞ்ச காலம்தான் வேலை பார்த்தார்கள். ஊருக்கு திரும்பி வந்து வரிசையாக செத்தார்கள். என்ன நோய் என்றே முதலில் யாருக்கும் தெரியவில்லை.

2006-ல் விஷயம் சுப்ரீம் கோர்ட்டுக்கு போனது. தேசிய மனித உரிமை ஆணையம் விசாரித்து, இறந்த 238 பேரின் குடும்பத்துக்கு தலா ரூ.3 லட்சம் கொடுக்க 2010-ல் சிபாரிசு செய்தது. அதை கொடுக்கும்படி குஜராத் அரசுக்கு சுப்ரீம் கோர்ட்டு 2016 மே மாதம் உத்தரவிட்டது. வழக்கு போட்டு 10 வருஷம் ஆகிவிட்டது. ஒரு மாநிலத்தில் தூசி தின்று, இன்னொரு மாநிலத்தில் போய் சாகிறவனுக்கு யார் பொறுப்பு என்ற கேள்விக்கு அந்த வழக்குதான் முதலில் பதில் சொன்னது.

மணற்கல் சுரங்கங்கள் நிறைந்த ராஜஸ்தானில் 2019-ல் தனி கொள்கையே கொண்டு வந்தார்கள். சிலிகோசிஸ் என்று டாக்டர்கள் குழு சான்று கொடுத்தால் நோயாளிக்கு ரூ.3 லட்சம், இறந்தால் குடும்பத்துக்கு ரூ.2 லட்சம், மாதம் ரூ.1,500 பென்ஷன் என்று அறிவித்தார்கள்.

டி.பி. என்று நினைத்து ஏமாறும் நோய்

சிலிகோசிஸ் வந்தால் உடனே தெரியாது. சாதாரண அளவு தூசி என்றால் 10 வருஷத்துக்கு மேல் ஆகும். தூசி அதிகம் என்றால் 5 முதல் 10 வருஷத்தில் வரும். மூடிய இடத்தில் மிக அதிக தூசியை இழுத்தால் சில மாதங்களிலேயே கூட வரலாம்.

முதலில் வறட்டு இருமல். பிறகு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். ஸ்லாப்பை தூக்கினால் முன்பு மாதிரி தெம்பு இருக்காது. பசி எடுக்காது, எடை குறையும். "தூசி வேலைன்னா இருமல் வரத்தானே செய்யும்" என்று பட்டறையில் அதை சாதாரணமாக விட்டுவிடுவார்கள். பீடி, சிகரெட் பழக்கம் இருந்தால் பழி அதன்மேல் போய்விடும். பீடி நுரையீரலை இன்னும் வேகமாக கெடுக்கும் என்பதும் உண்மைதான்.

ஆஸ்பத்திரிக்கு போய் எக்ஸ்ரே எடுத்தால் நுரையீரலின் மேல் பகுதியில் புள்ளி புள்ளியாக தெரியும். டி.பி.யிலும் அதே இடத்தில்தான் நிழல் விழும். நம் ஊரில் டி.பி. அதிகம் என்பதால் டி.பி. மருந்தை ஆரம்பித்து விடுவதும் உண்டு. 6 மாதம் மாத்திரை சாப்பிட்டும் மூச்சு வாங்குவது நிற்காது.

இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. சிலிகோசிஸ் வந்தவர்களுக்கு உண்மையிலேயே டி.பி. வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட பல மடங்கு அதிகம். கிருமியை கொல்ல வேண்டிய காவல் செல்களைத்தான் சிலிக்கா ஏற்கனவே கொன்றுவிட்டதே. எனவே இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். டி.பி.க்கு மருந்து உண்டு, குணமாகும். அதனால் இரண்டையும் பார்த்துவிடுவது நல்லது.

இதற்கெல்லாம் ஒரே ஒரு வாக்கியம்தான் வழி. டாக்டரிடம் போனதும், "நான் இத்தனை வருஷமாக கிரானைட் வெட்டும் வேலை பார்க்கிறேன்" என்று தொழிலாளியே சொல்லிவிட வேண்டும். டாக்டர் கேட்கட்டும் என்று காத்திருக்க கூடாது. கூட்டம் அலைமோதும் ஓ.பி.யில் டாக்டருக்கு கேட்க நேரம் இருக்காது. சொன்னால்தான் எக்ஸ்ரேயை வேறு கண்ணோடு பார்ப்பார். தேவைப்பட்டால் ஸ்கேன், மூச்சு ஊதும் டெஸ்ட் எழுதுவார்.

இந்த பகுதி தொழிலாளர்கள் சந்தேகம் இருந்தால் தாம்பரம் சானடோரியத்தில் உள்ள அரசு நெஞ்சக ஆஸ்பத்திரி, சென்னை அரசு ஆஸ்பத்திரிகளின் நெஞ்சக பிரிவு ஆகியவற்றுக்கு போகலாம். இ.எஸ்.ஐ. அட்டை இருப்பவர்கள் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் காட்டலாம். டி.பி. பரிசோதனையும் மருந்தும் அரசு ஆஸ்பத்திரிகளில் இலவசம்.

சட்டம் இருக்கு, பட்டறை வெளியே நிற்குது

சிலிகோசிஸ் வந்தால் டாக்டர் கண்டிப்பாக அரசுக்கு தெரிவிக்க வேண்டும் என்று 1948-ம் ஆண்டு பாக்டரி சட்டத்திலேயே இருந்தது. நஷ்ட ஈடு கிடைக்க வேண்டிய தொழில் நோய் பட்டியலிலும் கல் தூசி நோய் உண்டு. இந்த பழைய சட்டங்களுக்கு பதிலாக 2025 நவம்பர் 21-ந்தேதி மத்திய அரசு அமலுக்கு கொண்டு வந்த புதிய தொழிலாளர் சட்ட தொகுப்புகளிலும் இந்த நோய் இடம்பெற்றுள்ளது.

அப்படியிருந்தும் நோயாளிகள் கணக்கில் வராதது ஏன்? காரணம், பட்டறையின் அளவு. பழைய சட்டப்படி மின்சாரத்தில் ஓடும் பட்டறையில் 10 பேர் இருந்தால்தான் அது பாக்டரி. புதிய சட்டத்தில் அது 20 பேர். ஒரு கல் பட்டறையில் 4 பேர், 5 பேர்தான் இருப்பார்கள். வீடு வீடாக போய் மேடை போடுபவர்கள் மேஸ்திரியின் கீழ் 2 பேர், 3 பேர். பாக்டரி இன்ஸ்பெக்டர் அந்த பக்கம் வர வேண்டிய அவசியமே வராது.

40 வயதுக்கு மேற்பட்ட தொழிலாளர்களுக்கு வருஷத்துக்கு ஒருமுறை இலவச உடல் பரிசோதனை செய்ய வேண்டும் என்று புதிய ஏற்பாட்டில் உள்ளது. நல்ல விஷயம்தான். ஆனால் இங்கிலாந்தில் நோய் வந்தவர்களின் சராசரி வயது 34 என்பதை பார்த்தால், கல் வெட்டுகிறவர்களுக்கு 40 வரை காத்திருப்பது ரொம்ப தாமதம் என்பது புரியும்.

ஆபத்தான தொழில் என்று அரசு அறிவித்த வேலையில் ஒரே ஒரு ஆள் இருந்தாலும் இ.எஸ்.ஐ. உண்டு என்ற பிரிவும் புதிய தொகுப்பில் இருக்கிறது. கல் வெட்டும் பட்டறைகள் அந்த பட்டியலுக்குள் கொண்டு வரப்பட்டால், 3 பேர் பட்டறைக்கும் சிகிச்சையும் நஷ்ட ஈடும் கிடைக்க வழி பிறக்கும்.

தூசி அளவிலும் நம் விதி கொஞ்சம் தளர்வுதான். அமெரிக்காவில் ஒரு கனமீட்டர் காற்றில் 50 மைக்ரோ கிராம் சிலிக்காவுக்கு மேல் போகக்கூடாது என்று 2016-ல் விதி கொண்டு வந்தார்கள். ஒருவர் 8 மணி நேர வேலையில் இழுக்கும் காற்றை கணக்கிட்டால் மொத்தம் அரை மில்லி கிராம்தான். சாப்பாட்டு உப்பில் பத்து பொடியின் எடைகூட வராது. நமது பாக்டரி சட்ட கணக்குப்படி பார்த்தால், அனுமதித்த அளவு இதுபோல் ஏறக்குறைய 2 மடங்கு. தண்ணீர் இல்லாமல் கட்டர் ஓட்டும் இடத்தில் இந்த இரண்டு அளவும் சில நிமிஷங்களிலேயே தாண்டிவிடும்.

கையில் காகிதம் இருக்கணும்

கல் வெட்டுவோர், கல் உடைப்போர் தமிழ்நாடு கட்டுமான தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்யலாம். 18 வயது முடிந்து 60 வயதுக்குள் இருக்க வேண்டும். விபத்து, மரணம், ஓய்வூதியம் போன்ற உதவிகளுக்கு இந்த பதிவு உதவும். பதிவு செய்வதில் இன்னொரு லாபமும் உண்டு. "இவர் கல் வேலை பார்த்தவர்" என்பதற்கு அதுவே ஒரு சாட்சி.

நஷ்ட ஈடு வழக்குகளில் பலரும் தோற்பது அந்த இடத்தில்தான். 10 வருஷம் வேலை பார்த்திருப்பார். சம்பளம் கையில் ரொக்கமாக வாங்கியிருப்பார். ஒரு துண்டு சீட்டு இருக்காது. பிற்பாடு பட்டறைக்காரர் "இவர் யாருன்னே தெரியாது" என்று சொல்லிவிட்டால் கதை முடிந்தது. எனவே எந்த பட்டறையில், எந்த வருஷம் முதல் எந்த வருஷம் வரை என்று எழுதி வைப்பது, சம்பளத்தை பேங்க் கணக்கில் வாங்குவது, பழைய எக்ஸ்ரேக்களை தூக்கி போடாமல் வைப்பது எல்லாம் பின்னால் கை கொடுக்கும். வெளிமாநில தொழிலாளர்கள் ஊருக்கு போகும்போது இவற்றை கையோடு எடுத்துப்போவது நல்லது.

தண்ணீர்தான் முதல் மருந்து

தடுப்பதற்கு என்ன செய்ய வேண்டும்?

* காய்ந்த கல்லில் கட்டரை இறக்கவே கூடாது. பிளேடு கல்லை தொடும் இடத்தில் தண்ணீர் விழ வேண்டும். தண்ணீர் குழாய் பொருத்திய கட்டர்கள் கடைகளில் கிடைக்கின்றன. அது இல்லாத இடத்தில் ஒரு ஆள் பக்கத்தில் நின்று பாட்டில் மூடியில் ஓட்டை போட்டு தண்ணீர் விட்டுக்கொண்டே இருந்தால்கூட தூசி வெகுவாக குறையும்.

* தண்ணீரும் கரண்டும் சேரும் இடம் என்பதால் ஷாக் அடிக்காமல் பார்க்க வேண்டும். கசிவு வந்தால் உடனே கரண்டை துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. எனப்படும் டிரிப்பர் கட்டாயம் வேண்டும். வெட்டுப்பட்ட ஒயர், டேப் சுற்றிய ஒயர் கூடாது. கையுறை, ரப்பர் பூட்ஸ் போடணும்.

* வெட்டிய பிறகு தரையில் தேங்கும் கல் சேறு காய்வதற்குள் கழுவி விட வேண்டும். காய்ந்தால் அதுவே மறுபடி தூசி. விளக்குமாறு போட்டு பெருக்குவதும், காற்று மிஷினால் உடம்பில் உள்ள தூசியை ஊதுவதும் ரொம்ப ஆபத்து. அடங்கிய தூசியை நாமே எழுப்பி விடுகிறோம்.

* மூக்கில் கர்ச்சீப், துண்டு கட்டுவதால் பெரிய தூசி மட்டும்தான் நிற்கும். ஆபரேஷன் தியேட்டர் மாஸ்க்கும் போதாது. குறைந்தபட்சம் என்-95 மாஸ்க் வேண்டும். பக்கவாட்டில் இடைவெளி இல்லாமல் முகத்தோடு ஒட்டியிருக்க வேண்டும். தாடி இருந்தால் ஒட்டாது. செயற்கை கல் வெட்டுகிறவர்களுக்கு இதுவும் போதாது. பில்டர் மாற்றும் ரப்பர் மாஸ்க் வேண்டும். மாஸ்க் கடைசி பாதுகாப்புதான். தண்ணீருக்கு பதில் மாஸ்க் என்று நினைக்க கூடாது.

* வேலை உடையோடு வீட்டுக்கு போய் குழந்தையை தூக்க கூடாது. பட்டறையிலேயே கை, முகம் கழுவி வேறு சட்டை மாற்ற வேண்டும். தூசி படிந்த உடையை உதறாமல் தண்ணீரில் நனைத்து துவைக்க வேண்டும்.

* வருஷத்துக்கு ஒருமுறை நெஞ்சு எக்ஸ்ரே, மூச்சு ஊதும் டெஸ்ட் எடுப்பது நல்லது. ஆரம்பத்தில் தெரிந்தால் தூசி இல்லாத வேலைக்கு மாறி, நோயின் வேகத்தை குறைக்க முடியும்.

வீட்டுக்காரர்கள் கையிலும் இருக்கு

இதில் பொதுமக்களும் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அளவை சரியாக எடுத்து, சிங்க் ஓட்டை, அடுப்பு ஓட்டை எல்லாம் பட்டறையிலேயே தண்ணீரில் வெட்டி கொண்டு வரும்படி கேட்கலாம். வீட்டில் வெட்டியே ஆக வேண்டும் என்றால் மொட்டை மாடியிலோ, வாசலிலோ வைத்து தண்ணீர் ஊற்றி வெட்ட சொல்லலாம். ஒரு பக்கெட் தண்ணீரும், ஈரமாகும் தரையை துடைக்க கொஞ்ச நேரமும்தான் செலவு. வெட்டும்போது குழந்தைகளையும், ஆஸ்துமா உள்ளவர்களையும் அந்த பக்கம் விடாமல் இருப்பது அவர்களுக்கும் நல்லது.

ஒரு கட்டருக்கு தண்ணீர் இணைப்பு பொருத்த ஆகும் செலவு, தொழிலாளியின் சில நாள் கூலிக்குள் அடங்கிவிடும். நுரையீரல் முற்றிலும் கெட்டுவிட்டால் மாற்று ஆபரேஷன்தான் கடைசி வழி. அதற்கு பல லட்சம் ஆகும். பணம் இருந்தாலும் பொருத்தமான நுரையீரல் கிடைக்க வேண்டும்.

நாட்டில் சுரங்கம், கல் குவாரி, கண்ணாடி போன்ற தொழில்களில் 30 லட்சம் பேர் சிலிக்கா தூசி அபாயத்தில் இருப்பதாகவும், கட்டுமான வேலையில் மேலும் 53 லட்சம் பேர் இருப்பதாகவும் இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் 1999-ம் ஆண்டிலேயே மதிப்பிட்டது. அப்போது சமையல் மேடைக்கு குவார்ட்ஸ் கல் போடும் வழக்கம் நம் ஊர் பக்கம் எட்டிப்பார்க்கவே இல்லை என்பது குறிப்பிடத்தக்கது.